வீட்டு மின்சிக்கனமும் வரிச்சலுகையும்

அரசு விதிக்கும் வரி திறைசேரிக்குப் பொருளீட்டித் தருவதோடு அமைவதில்லை. குடிமக்களின் வாழ்க்கை முறையையும் அஃது உருவாக்குகின்றது. இங்கிலாந்து தேசத்தில் 1696ஆம் ஆண்டு தொடங்கி 1851ஆம் ஆண்டுவரை வீட்டிலுள்ள சாளரங்களின் தொகைக்கேற்ப வரி அறவிடப்பட்டது. வரிக்கு அஞ்சிய மக்கள் தம் வீட்டுச் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டனர். காற்றும் வெளிச்சமும் இழந்த அறைகளிலே மனிதர் நோயுற்று வாழ்ந்தனர். சட்டப் புத்தகத்தில் எழுதப்படும் ஒரு பிரிவு ஒரு நாட்டின் வீடுகளை இருளடையச் செய்யக்கூடுமாயின், நன்கு சிந்தித்து எழுதப்படும் இன்னொரு பிரிவு அவற்றைக் குளிர்ச்சியும் ஒளியும் உடையனவாக்கவுங் கூடும். இவ்வுண்மையை உளத்திற்கொண்டு, எமது நாட்டு வருமானவரிச் சட்டத்திலுள்ள ஒரு பிரிவினை இவ்விழா மலரில் ஆராயப் புகுகின்றோம்.

கல்லூரி விழா மலரிலே வரியும் மின்கட்டணமும் பேசத்தகும் பொருள்களோ எனச் சிலர் வினவுதல் கூடும். எமது கல்லூரி சமயமும் இலக்கியமும் கற்பித்ததோடு கணக்கும் கற்பித்தது. உடுப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களிலும் இருந்து அதன் வாயிலுட் புகுந்தோர் பலர் கணக்காளராகவும் பொறியியலாளராகவும் அரசாங்க எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் வெளிவந்தனர். சட்டம் இயற்றுவோர் செவியிற் படுமாறு இலக்கங்கொண்டு பேச வல்லவர் இவர்களே. தம் வீட்டு மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாது இருக்கும் ஓய்வூதியரும் கமக்காரரும் கைம்பெண்களும் இவர்களுடைய உறவினரும் அயலவருமாவர். கற்றவர் பேசாதுவிடின் அவர்களுக்காகப் பேசுவார் வேறு எவருளர்?

இனிச் சட்டத்தை நோக்குவோம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபொழுது, வீட்டுச் சக்தி தொடர்பான ஒரு சலுகை அதிற் சேர்க்கப்பட்டது. இலங்கையில் வதிபவராகிய ஒருவர் தமது வளவிற் பொருத்தித் தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கும் சூரிய மின்தகடுகளுக்காகச் செலவிடும் பணத்தில், ஆண்டொன்றுக்கு 600,000 ரூபாவரை, வரிக்குட்படும் தமது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். தகடு வாங்குதற்கு வங்கியிற் கடன் பெற்றவர் அக்கடனுக்காகச் செலுத்தும் தொகையையும் அவ்வாறே கழித்துக்கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர், வீட்டுக்கடன் வட்டி, மருத்துவச் செலவு முதலியவற்றுக்கு இருந்துவந்த சலுகைகள் நீக்கப்பட்டபோதும் இஃதொன்று தப்பிப் பிழைத்தது. சூரியனைக் குறைவின்றிப் பெற்ற நாட்டிலே, பிறநாட்டு எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அளிக்கும் பணத்தைக் குறைத்தற்குச் செய்யப்பட்ட நல்லேற்பாடே இது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதனுள் இரு பெருங்குறைகள் உள. ஒன்று, அச்சலுகை யாரைச் சென்றடைகின்றது என்பது பற்றியது. மற்றையது, அஃது எச்செயலுக்கு அளிக்கப்படுகின்றது என்பது பற்றியது.

முதற்குறையை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 2025 ஏப்பிரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி, ஆண்டு வருமானத்தில் முதல் 1,800,000 ரூபாவுக்கு வரியில்லை. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதமும், பின்னர் ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதமும், எஞ்சியதற்கு 36 வீதமும் வரியாகும். மூன்று குடும்பத்தலைவர் ஒரே விலைக்கு ஒரேவகைச் சூரிய மின்தொகுதியை வாங்குகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் மாதம் ஐந்து இலட்சம் ரூபா உழைப்பவர். அவருடைய வருமானத்தின் உச்சிப்பகுதி 36 வீத வரிக்குட்பட்டது. 600,000 ரூபாவைக் கழிக்கும்பொழுது அவருக்கு 216,000 ரூபா மிஞ்சுகின்றது. இரண்டாமவர் மாதம் இரண்டு இலட்சம் உழைப்பவர். அவர் 6 வீத வரியே செலுத்துபவராதலின் அவருக்கு மிஞ்சுவது 36,000 ரூபா மாத்திரமே. மூன்றாமவர் மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்படாத வருமானமுடையவர். அவர் வருமானவரி செலுத்துபவரல்லர். ஆதலின் அவருக்குக் கிடைப்பது பூச்சியம். செலவு ஒன்று, தகடு ஒன்று, அதன்மேல் எறிக்கும் வெயிலும் ஒன்று; சலுகை மட்டும் உள்ளவர்க்கு மிகுதியாகவும் இல்லாதவர்க்கு இன்மையாகவும் அமைந்துவிட்டது.

உடுப்பிட்டிப் பகுதியிலே வெங்காயமும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரும், பாடசாலை ஆசிரியரும், சிறுகடை வைத்திருப்போரும், ஓய்வூதியம் பெறும் முதியோருமாகிய பெரும்பாலோர் மேற்கூறிய மூன்றாம் வகையினரே. எமது பழைய மாணவரிற் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். ஊரிலிருக்கும் தாய்தந்தையரின் கூரைக்குத் தகடு பொருத்தப் பணம் அனுப்புவோர் அவர்களேயாவர். சலுகையோ இந்நாட்டில் வதிந்து வரி செலுத்துவார்க்கே உரியது. பணங்கொடுக்கும் மகன் இங்கு வதிபவனல்லன்; இங்கு வதியும் தந்தை வரி செலுத்துபவரல்லர். ஆகவே வடமராட்சியில் இத்தகைய வீடுகளைச் சட்டம் நினைத்தும் பார்க்கவில்லை எனலாம்.

இரண்டாங் குறை இதனினும் ஆழமானது. மின்சாரத்தை உண்டாக்குபவருக்கே இச்சட்டம் சலுகை அளிக்கின்றது. அதனைச் சேமிப்பவருக்கு ஒன்றும் அளிக்கவில்லை. தகடு பொருத்தியவருக்கு வேறு வருவாயும் உண்டு. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிற் தொடங்கப்பெற்ற சூரியபல சங்கிராமயத் திட்டத்தின்கீழ், வலையமைப்புக்கு வழங்கும் மேலதிக மின்னலகு ஒன்றுக்கு முதல் ஏழாண்டு 22 ரூபாவும் அதன்பின் 15.50 ரூபாவும் வழங்க ஏற்பாடாயிற்று. அவ்விலைகள் பின்னர் கூடியுங் குறைந்தும் மாறின. 2025இற் புதிதாகச் சேர்வோருக்கு அவை குறைக்கப்பட்டன. எவ்வாறாயினும் உற்பத்தி செய்பவர் தம் அலகுக்கு விலைபெறுகின்றார், அதன்மேல் வரிச்சலுகையும் பெறுகின்றார். தம் வீட்டில் வீணாகும் மின்சாரத்தைக் குறைத்தவரோ இவ்விரண்டில் ஒன்றையும் பெறுவதில்லை.

மின்வலையமைப்புக்கு எது அதிகம் வேண்டப்படுகின்றது என்பதையும் இங்கே ஆராய்தல் வேண்டும். 2025 பெப்பிரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்னிலையத்திற் குரங்கொன்றினால் நேர்ந்த பழுதே அதன் தொடக்கம் எனக் கூறப்பட்டமை பலருக்கு நகைப்பை விளைத்தது. ஆயினும் விடுமுறைநாளில் மின்பாவனை குறைந்திருக்க, சூரியமின் மிகுந்திருந்தமையால் வலையமைப்பு அப்பழுதைத் தாங்கும் வலிமை குன்றியிருந்தது என அதிகாரிகள் எடுத்துரைத்தமை நகைப்புக்குரியதன்று. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமேற் சூரியமின் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு உரியவர்களை மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகலில் மிகுதி, மாலை ஆறரை மணி முதல் இரவு பத்தரை மணிவரை பற்றாக்குறை. அந்த நான்கு மணிநேரத் தேவையை நிறைவுசெய்ய நாடு எண்ணெயையும் எரிக்க நேர்கின்றது. சூரியன் மறைந்தபின் வெறுந் தகடு என்ன செய்யும்? அந்நேரத்தில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் குறைந்த மின்சாரத்தில் இயங்குமாயின், அதுவே அவ்வேளைக்கு வேண்டப்பட்ட உற்பத்தியாகும்.

இதனையுங் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய வகைக் கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாற்று உண்ணும். புதுவகை மோட்டர் பூட்டிய விசிறி அதே காற்றைத் தந்து 30 வாற்று அளவே உண்ணும். நாளொன்றுக்குப் பத்துமணிநேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் மாதத்தில் 13 அலகுக்கு மேல் மிஞ்சும். இதன் பயன் ஏழை வீட்டிலே இன்னும் பெரிது. அண்மைக் காலக் கட்டண அமைப்பில், மாதம் 60 அலகுக்கு மேற்படாத வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணையும், 60ஐத் தாண்டிய வீட்டுக்கு முதலலகிலிருந்தே உயர்ந்ததோர் அட்டவணையும் வகுக்கப்பட்டன. 72 அலகு எரிக்கும் வீட்டில் ஒரு விசிறியை மாற்றினால் அவ்வீடு 60க்குக் கீழே இறங்கிவிடும். எரிக்காத அலகுகளின் விலையோடு, எரித்த அலகுகளின் விலையும் குறையும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்பிரவரியிலும் மின்கட்டணம் உயர்ந்த வேகத்தை அனுபவித்தோருக்கு இவ்வேற்றத்தாழ்வு எத்துணைப் பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயின் அந்த விசிறியின் விலை சாதாரண விசிறியினதைவிட அதிகம். கையிற் பணமுள்ளவர் மாற்றிக்கொள்கின்றார். இல்லாதவர் பழைய விசிறிக்கே மாதந்தோறும் தண்டங்கட்டி வருகின்றார்.

வீட்டைக் குளிர்விக்க மின்சாரமே வேண்டும் என்பதுமில்லை. எம் முன்னோர் கட்டிய நாற்சார் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நடுவிலே வானை நோக்கிய முற்றம், அதனைச் சூழ்ந்த விறாந்தை, வெயிலின் வெம்மையை உள்ளே விடாத தடித்த சுண்ணக்கற் சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, வெளியே திண்ணை, வளவில் வேம்பும் பனையும். வெப்பக்காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, மரநிழலிற் குளிர்ந்த காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும். பின்னர் வந்த தட்டைக் கொங்கிறீற்றுக் கூரையும் அஸ்பெஸ்ரஸ் தகட்டுக் கூரையும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கின்றன. போரினால் வீடிழந்தோருக்கென 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டபொழுது, அவை இப்பிரதேச வெப்பத்துக்கு ஒவ்வாதன என வல்லுநரும் மக்களும் எதிர்த்தனர். அத்திட்டம் கருதிய அளவில் நிறைவேறவில்லை. கூரையின்கீழ் வெப்பந்தடுக்கும் படலம் அமைத்தல், கூரைக்கு வெண்பூச்சிடுதல், சுவரின் உச்சியிற் காற்றுத்துளை வைத்தல் ஆகிய சிறு வேலைகளால் இன்றுள்ள வீடுகளின் வெம்மையையும் பெரிதுங் குறைக்கலாம். இவற்றில் ஒன்றுக்காயினும் சட்டத்திற் சலுகையில்லை.

சிக்கனம் எமது மக்களுக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டின்பின் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து அறுபட்டு ஆண்டுக்கணக்காக இருளில் இருந்தது. ஜாம் போத்தலிற் பஞ்சை இட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியேற்றிய விளக்கின் முன் இருந்தே ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். மிதிவண்டிச் சில்லைச் சுழற்றித் தைனமோவில் மின்னுண்டாக்கி வானொலி கேட்டனர். ஒரு சொட்டெண்ணெயும் ஒரு திரியொளியும் என்ன விலை என்பதை அறிந்த அத்தலைமுறை, இன்று தம் பிள்ளைகளுடன் எமது சங்கத்தின் உறுப்பினராயிருக்கின்றது. எரிக்கும் எண்ணெய்க்குப் பணத்தினும் பெரிய விலையொன்று உண்டென்பதையும் குடாநாடு கண்டது. சுன்னாகத்தில் அனல் மின்னிலையக் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்தமை தொடர்பான வழக்கில், அதனை நடாத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறில்லாத எமது நிலத்துக்குச் சுண்ணக்கற் பாறையினுள் தேங்கும் நீரொன்றே உயிர். எரிக்காதுவிட்ட எண்ணெய் எக்கிணற்றையும் கெடுப்பதில்லை.

பிறநாடுகள் இத்துறையிற் செய்தவற்றிலிருந்து கொள்வனவும் தள்ளுவனவும் உள. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வீட்டின் வெப்பந்தடுப்பு முதலியவற்றுக்குச் செலவிட்ட முதல் 2,000 டொலரில் நூற்றுக்கு 15 பங்கை, அதாவது 300 டொலர்வரை, வரியிலிருந்தே கழிக்க இடமளித்தது. பின்னாளில் இருந்த இத்தகைய சலுகையொன்றை 2022ஆம் ஆண்டுச் சட்டம் 30 பங்காக உயர்த்தியது. 2025இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் அவ்வாண்டு முடிவுடன் அச்சலுகையை நிறுத்திவிட்டது. வருமானத்திலிருந்து கழியாமல் வரியிலிருந்து கழித்தமையாற் பெருஞ்செல்வருக்கும் நடுத்தரத்தாருக்கும் ஒரே வீதம் கிடைத்தது, இது கொள்ளத்தக்கது. எனினும் வரியே இல்லாதவருக்கு அங்கும் ஒன்றுமில்லை. அதனை உணர்ந்தே அந்நாடு 1976 முதல் வறியோர் வீடுகளைத் திருத்த வேறொரு நேரடித் திட்டத்தையும் நடாத்தி வந்தது. இத்தாலி தேசம் 2020இல் வீடு திருத்தும் செலவில் நூற்றுக்கு 110 பங்கை அளிக்க முன்வந்தது. தம் கைப்பணம் ஒரு சதமும் போகாதாகையால் ஒருவரும் விலையைப் பேரம் பேசவில்லை, மோசடிகள் மலிந்தன, செலவு பத்தாயிரங்கோடி யூரோவுக்கு மேலாயிற்று. இது தள்ளத்தக்கது. அயல்நாடாகிய இந்தியா 2024இற் தொடங்கிய கூரைச் சூரியமின் திட்டத்தில், வரி செலுத்துபவரா அல்லரா என்று பாராது, 78,000 இந்திய ரூபாவரை வீட்டாரின் வங்கிக்கணக்கிலேயே செலுத்துகின்றது. 2015இல் அது தொடக்கிய வேறொரு திட்டத்தின்கீழ் முப்பத்தாறு கோடிக்கு மேற்பட்ட எல்.ஈ.டி. மின்குமிழ்கள் குறைந்த விலையில் மக்களுக்கு வழங்கப்பட்டன.

இவற்றைச் சீர்தூக்கி நாம் அரசாங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் மூன்றாகும். முதலாவது, வருமானத்திலிருந்து கழிக்கும் முறையை விடுத்து, செலவின் ஒரு குறித்த பங்கை எல்லோருக்கும் சமமாக வரியிலிருந்து கழிக்கும் முறையைக் கொள்க. இரண்டாவது, வரி செலுத்தாத வீட்டாருக்கு அதே பங்கை அவர்களுடைய மின்பட்டியலில் மாதந்தோறும் கழித்துக் கொடுக்க. பட்டியல் செல்லாத வீடு எமது ஊர்களில் அரிதாகலின், புதிய காரியாலயமும் புதிய விண்ணப்பங்களும் இதற்கு வேண்டியதில்லை. மூன்றாவது, சிக்கன விசிறி, மின்குமிழ், குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டர், கூரை வெப்பந்தடுப்பு, பகல் மின்னை இரவுக்குச் சேமிக்கும் மின்கலம் என்பவற்றையும் சலுகைக்குரியனவாக்குக. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை மின்சாதனங்களுக்குத் தரமுத்திரை வழங்கும் வேலையில் ஈடுபட்டு வந்ததாகலின், எப்பொருள் தகுதியானது என்பதைத் தீர்மானிக்க வழியுண்டு.

திறைசேரியிற் பணம் ஏது என்பார்க்கு எம் விடை இது. செல்வர் ஒருவருக்கு இன்று விட்டுக்கொடுக்கப்படும் 216,000 ரூபாவை வீட்டுக்கு 6,000 ரூபாவாகப் பகிர்ந்தால் 36 வீடுகளுக்குப் போதும். அம்முப்பத்தாறு வீடுகளும் ஒவ்வொரு விசிறியை மாற்றினால் மாதம் 486 அலகு மிஞ்சும். அதிற் பெரும்பங்கு மின்சாரம் அரிதாகும் இரவிலே மிஞ்சும். புதுப்பணம் கேட்கவில்லை; உள்ள பணத்தைப் பரந்து பாயவிடும்படியே கேட்கின்றோம். மோசடி பெருகும் என்பார்க்கு இத்தாலியின் கதையே விடை கூறும். செலவிற் பெரும்பங்கை வீட்டுக்காரரே ஏற்கவும், ஒவ்வொரு பொருளுக்கும் உச்சவரம்பு இருக்கவும் விதித்தால், தம் பணத்தைக் காப்பவர் அரசின் பணத்தையும் காப்பார். சூரியமின்னை நாம் இகழ்கின்றோம் எனவும் எவரும் கொள்ளற்க. தகடு வேண்டும், அதன் கீழுள்ள வீடு ஒழுகும் குடமாக இருத்தலாகாது என்பதே எம் கருத்து.

சட்டம் திருந்தும்வரை கைகட்டி இருத்தலும் கற்றவர்க்கழகன்று. விழாக்காலத்தில் நுழைவாயிலும் நினைவுமண்டபமும் எழுப்புவது பழைய மாணவர் வழக்கம். இம்முறை அவற்றோடு வேறொரு நற்பணியையும் மேற்கொள்வோமாக. எமது பொறியியலாளரும் உயர்வகுப்பு மாணவரும் சேர்ந்து கல்லூரியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் எரியும் விளக்கையும் சுழலும் விசிறியையும் கணக்கெடுக்கட்டும். அவற்றைச் சிக்கனமானவையாக மாற்றி, குறைந்த மின்கட்டணத்தை மாதந்தோறும் ஒரு சுழல்நிதியிற் சேர்ப்போம். அந்நிதியிலிருந்து ஊரிலுள்ள வறிய வீடுகளுக்கு ஒவ்வொரு விசிறியை வட்டியின்றிக் கொடுத்து, மிஞ்சும் கட்டணத்தாலேயே தவணையாகத் திரும்பப் பெறுவோம். ஓராண்டின் முடிவில் எமது கையில் ஒரு கணக்கேடு இருக்கும். அதனை ஏந்திச் சென்று கேட்கும் வேண்டுகோளை எந்த அரசாங்கமும் எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெயை அளந்து எரித்த தாய், வரிச்சட்டம் அறியாதவள். ஆயினும் நாட்டுக்கு அவள் செய்த மிச்சம் எத்தகட்டின் விளைவுக்கும் குறைந்ததன்று. அத்தகையோர் வீட்டிலும் சட்டத்தின் நன்மை நுழையும் நாளே இச்சலுகை நீதியுடையதாகும் நாள். அந்நாளை விரைவிற் கொணர எமது கல்லூரியின் பழைய மாணவர் யாவரும் தத்தமக்கியன்றவாறு முயல்வாராக.